நெற்றியில் இருந்த மரியாதை

ஊரில் என்னை ஹாஜியார் என்று கூப்பிடுகிறார்கள். நான் ஹஜ்ஜுக்குப் போனதில்லை. உம்ராவுக்கும் போனதில்லை. விமானத்தில் ஏறியதே இல்லை. மூன்று வருடமாக என் நெற்றியில் ஒரு கறுத்த அடையாளம் இருந்தது, அவ்வளவுதான். எங்கள் ஆட்களுக்கு அது போதுமாக இருந்தது.

தினமும் ஐந்து நேரம் நெற்றியைப் பாயில் வைத்துத் தொழுகிறவர்களில் சிலருக்கு, வருடக்கணக்கில் அழுந்தி அழுந்தி, அந்த இடம் கறுத்துத் தடித்துப் போகும். சுஜூது அடையாளம் என்போம். அது இருக்கிற ஆளைப் பள்ளியில் முன் வரிசைக்குத் தள்ளுவார்கள். கலியாணப் பேச்சுக்கு அழைத்துப் போவார்கள். அவர் சொன்னால் காணித் தகராறும் அடங்கும். எனக்கு வந்தது முதலில் ஒரு பயறு அளவுதான், இடது புருவத்துக்குக் கொஞ்சம் மேலே, பளபளவென்று. பள்ளி நிர்வாகத்தில் இருந்த ஒருவர்தான் முதலில் கண்டுபிடித்தார். என் தோளைத் தட்டி, "மாஷா அல்லாஹ், ஒங்களுக்கு அல்லாஹ் அடையாளம் போட்டுட்டான்" என்றார். நான் மறுத்திருக்க வேண்டும். மறுக்கவில்லை. உச்சி குளிர்ந்துபோய் நின்றேன்.

மறுப்பதற்கு எனக்கு எல்லாக் காரணமும் இருந்தது. வெள்ளிக்கிழமை ஜுமுஆவுக்குப் போவேன். தோட்டத்தில் இருந்து நேரத்துக்கு வந்தால் அந்தி மஃரிபுக்கும் போவேன். சுபஹுக்குப் போக மாட்டேன். அதற்கு விடியமுன் எழும்ப வேண்டும், அந்த நேரத்தில் பள்ளியில் ஆட்களும் குறைவு. யாரும் பார்க்காத தொழுகைக்கு எழும்புவது எனக்குப் பெரிய கஷ்டமாக இருந்தது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது. எழுதாவிட்டால் மிச்சக் கதை விளங்காது.

நான் மரக்கறித் தோட்டக்காரன். எத்தாளைப் பக்கம் மணல் காணியில் சின்ன வெங்காயம், மிளகாய், பீட்ரூட். அதற்கு முன், இளந்தாரியாக இருந்த காலத்தில், புத்தளத்தில் உப்பளத்தில் உப்பு வாரினேன். எந்த வெயிலிலும் தலைக்கு ஒன்றும் போட மாட்டேன். தோளில் துவாய் கிடக்கும், அது வியர்வை துடைக்க. தொப்பி பள்ளிக்கு மட்டும். கோபம் வேறு எனக்கு மூக்கு நுனியில். வெங்காயம் ஏற்ற வருகிற லொறிக்காரர்கள் என்னோடு கதைக்கவே பயப்படுவார்கள். நெற்றி கறுத்த பிறகு அதே கத்தலுக்கு வேறு பெயர் வந்தது. "ஹாஜியார் நியாயத்துக்குத்தான் கோவப்படுவாரு" என்றார்கள். சொன்னால் நம்ப மாட்டீர்கள், நானே அதை நம்பத் தொடங்கிவிட்டேன்.

வீட்டில் மட்டும் அது எடுபடவில்லை. ஒரு நாள் காலையில் என் மனைவி தலையணை உறையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அதில் மூன்று இரத்தப் பொட்டு. பிறகு தொழுகைப் பாயைக் கொண்டுவந்து விரித்துக் காட்டினாள். நெற்றி படுகிற இடத்தில் காய்ந்த கறை. என் நாடியைப் பிடித்து முகத்தை வாசல் வெளிச்சத்துக்குத் திருப்பி, கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"இது சுஜூது அடையாளம் இல்ல" என்றாள்.

"ஒனக்கு என்ன தெரியும்?"

"சுபஹுக்கு எழும்பாத ஆளுக்கு எப்படி இது வரும்? வந்தாலும் நடு நெத்தியிலதானே வரணும்? நீங்க என்ன சரிஞ்சு கிடந்தா தொழுறீங்க?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரிக் கேட்டாள். அடுத்த வீட்டுக்கும் கேட்கிற மாதிரிக் கத்திவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டேன். அவள் டொக்டரிடம் காட்டச் சொன்ன ஒவ்வொரு நாளும் நான் கருஞ்சீரக எண்ணெயைத் தடவினேன். பொருக்கு விழும். "பார், ஆறிட்டுது" என்று காட்டுவேன். நாலு நாளில் திரும்பவும் கசியும். இப்படியே இரண்டு மாதத்தை வீணாக்கினேன்.

என்னை ஆஸ்பத்திரிக்கு அனுப்பியது அவள் பேச்சு இல்லை, பள்ளியில் ஒரு மஃரிபுத் தொழுகை. சுஜூதில் இருந்து தலையைத் தூக்கும்போது புருவத்தின் வழியாகச் சூடாக ஒன்று இறங்கியது. தொழுகை முடிந்து ஸலாம் கொடுக்கத் திரும்பினால், பக்கத்தில் இருந்த வயதான மனுசன் என் முகத்தில் வழிந்த இரத்தத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவர் கண் கலங்கிவிட்டது. "சுப்ஹானல்லாஹ், நெத்தி தேய்ஞ்சு ரத்தம் வாற அளவுக்கு வணக்கம்" என்று என் கையைப் பிடித்து உதட்டில் வைத்து முத்தினார். யா அல்லாஹ், எனக்கு அந்த இடத்திலேயே உயிர் போகிற மாதிரி இருந்தது. கையை இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன். வீட்டுக்குப் போய், "நாளைக்குப் போவம்" என்றேன். எங்கே என்று அவள் கேட்கவில்லை.

மறுநாள் பஸ் பிடித்துப் புத்தளம் ஆஸ்பத்திரிக்குப் போனோம். தோல் கிளினிக்கில் இருந்தது ஒரு இளம் டொக்டர், யாழ்ப்பாணத்துப் பிள்ளை. விளக்கு வைத்த ஒரு சின்னக் கண்ணாடியை என் நெற்றியில் வைத்து நெடுநேரம் பார்த்தார். தோலை விரலால் இழுத்துப் பார்த்தார்.

"ஐயா, இது எவ்வளவு காலமா இருக்கு?"

"மூணு வருசம். இது தொழுத அடையாளம், மகள்" என்றேன், மனைவியின் முகத்தைப் பார்க்காமல்.

"இல்லை ஐயா. இதில ஒரு சின்னத் துண்டு எடுத்து அனுப்பிப் பாக்கோணும். தோல் புற்றுநோயா இருக்கலாம்."

"நான் சொன்னேன்..." என்று என் மனைவி தொடங்கினாள். தொடங்கிவிட்டு நிறுத்திவிட்டாள். முப்பது வருடக் குடித்தனத்தில் அந்த வசனத்தை அவள் முடிக்காமல் விட்டது அன்றைக்கு ஒரு நாள்தான். அப்போதுதான் எனக்கு உண்மையாகவே பயம் பிடித்தது.

டொக்டர் ஒரு துண்டுக் கடுதாசியில் தோலைப் படம் போட்டுக் காட்டினார். "புற்றுநோய் எண்டா எல்லாம் ஒண்டில்லை ஐயா. தோலில முக்கியமா மூண்டு சாதி. முதலாவது, தோலின்ர அடிப்பக்கத்தில தொடங்கிறது. மெதுவா வளரும். இருந்த இடத்தையே அரிச்சுக்கொண்டிருக்கும், வேற இடத்துக்குப் போறது மிகக் குறைவு. ரெண்டாவது செதில் செதிலா, புண்ணா வரும். அதையும் வெட்டலாம். ஆனா கழுத்தில நெறி கட்டியிருக்கோ எண்டு பாக்கோணும், சில பேருக்கு மெசினால கதிரும் வைக்கோணும். மூண்டாவது கறுப்பு. அதுதான் பொல்லாதது. கெதியாப் பரவும். வேளைக்குக் கண்டா வெட்டித் தப்பலாம், பிந்தினா மருந்து ஏத்தோணும். இப்ப நல்ல மருந்துகள் வந்திருக்கு, எங்கட உடம்பையே நோயோட சண்டைக்கு அனுப்புற மருந்து. எண்டாலும் எல்லாருக்கும் கேக்கும் எண்டில்லை."

"என்னோடதும் கறுப்புத்தானே மகள்?"

"ஓம் ஐயா. எங்கட நிறத்து ஆக்களுக்கு முதலாவது சாதியும் கறுப்பாத்தான் வாறது. அதாலதான் துண்டெடுக்கோணும் எண்டு சொல்லுறன். என்ர கண்ணுக்கு இது முதலாவது மாதிரித்தான் கிடக்கு. ஆனா கண்ணை மட்டும் நம்பி நான் சொல்ல மாட்டன்."

ஊசி போட்டு மரக்கச் செய்து, பேனா மாதிரி ஒன்றால் குத்தி, மிளகு அளவு துண்டு எடுத்தார். ரிப்போர்ட் வர மூன்று கிழமை, இருபத்தொரு நாள் ஆகும் என்றார். வெளியே வந்தால் ஆஸ்பத்திரி மதிலோரம் புத்தளத்துத் தெருக் கழுதைகள் நாலு படுத்திருந்தன, வழக்கம்போல. "இதுகளுக்கு ஒரு கவலையும் இல்ல, பாரு" என்றேன். மனைவி சிரிக்கவில்லை.

அந்த மூன்று கிழமையும் எனக்கு நித்திரை வரவில்லை. வராத நித்திரைக்குப் படுத்துக் கிடப்பானேன் என்று சுபஹுக்குப் பள்ளிக்குப் போகத் தொடங்கினேன். எட்டு ஒன்பது பேர் இருப்பார்கள். பாதி நித்திரையில் வருகிறவர்கள், ஒருவரும் என் நெற்றியைத் திரும்பிப் பார்க்கவில்லை. பாயில் லேஞ்சி, அதாவது கைக்குட்டை, ஒன்றை விரித்து அதன் மேல் மெதுவாக நெற்றியை வைப்பேன். மூன்றாவதாக இருக்கக் கூடாது, யா அல்லாஹ், மூன்றாவதாக இருக்கக் கூடாது. வேறு துஆ ஒன்றும் வாயில் வரவில்லை. சாவுக்கு அவ்வளவு பயந்தவன் நான் என்று அன்றுவரை எனக்கே தெரியாது.

வீட்டில் தொழும் நாளில் இன்னொன்றைக் கவனித்தேன். நான் எழும்பிப் போனதும் என் மனைவி வந்து அந்தப் பாயைக் குனிந்து பார்ப்பாள். நான் பார்க்கிறேன் என்று தெரிந்தால் பாயைச் சுருட்டுகிற மாதிரி நடிப்பாள். கேட்டால் சண்டை வரும் என்று நான் கேட்கவில்லை. சண்டை வந்தால்கூட நல்லது என்றுதான் இருந்தது. அவள் என்னோடு சண்டை பிடிப்பதையே விட்டுவிட்டாள்.

ரிப்போர்ட் வந்தது. முதலாவது சாதி. டொக்டர் வாசித்துச் சொன்னதும், "அல்ஹம்துலில்லாஹ்" என்று நான் போட்ட சத்தத்தில் அடுத்த அறையில் இருந்து தாதி எட்டிப் பார்த்தார். மனைவி கதிரையில் அப்படியே உட்கார்ந்து முக்காட்டால் முகத்தை மூடிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. நான் இருந்த சந்தோசத்தில் வாய் திறந்துவிட்டேன். "அப்ப மகள், இதுக்கு ஒரு களிம்பைத் தாங்களேன். பூசிக்கிறன்."

"களிம்பு இருக்குது ஐயா. ஆனா அது மேலால மெல்லிசாப் படர்ந்ததுக்கு. குளிர வைச்சு எரிக்கிற முறையும் இருக்கு, அது உடம்பில சின்னதா வந்ததுக்கு. கதிர் இருக்கு, வெட்டேலாத ஆக்களுக்கு, நல்லா வயசு போனாக்களுக்கு. உங்கட நெத்தியில இது ஆழமாப் போயிருக்கு. வெட்டி எடுத்து, சுத்திவர ஓரத்தையும் சோதிச்சுப் பாக்கிறதுதான் நல்லது. ஓரம் சுத்தமா இருந்தா நீங்க தப்பினீங்கள்."

"சுத்தமா இல்லாட்டி?" இதைக் கேட்டது என் மனைவி.

"திரும்ப வெட்டுவம் அம்மா. உள்ள எலும்புப் பக்கம் போகவிடக் கூடாது."

சத்திர சிகிச்சைக்குக் காத்திருந்த வாங்கில் எனக்குப் பக்கத்தில் தலவில அன்னம்மா கோயில் பக்கத்து மீன்பிடிக்காரர் ஒருவர், கத்தோலிக்கர், இருந்தார். என்னைவிடப் பத்து வயது இளையவர். கீழ் உதட்டில் புண், ஒரு வருடமாக ஆறவில்லையாம். கடலில் உப்புக் காற்றும் வெயிலும், அதோடு பீடி. வெடித்த உதடு என்று தேங்காய் எண்ணெய் பூசிக்கொண்டு திரிந்திருக்கிறார். அடடா, நமக்கு ஒரு கூட்டாளி கிடைத்தான் என்று இருந்தது எனக்கு.

"நானா, ஒங்களுக்கு எத்தினையாம் நம்பர்?" எங்கள் ஆட்களைப் போலவே அண்ணன் முறை சொல்லிக் கேட்டார்.

"முதலாவது."

"எனக்கு ரெண்டாவது. லொத்தர்ல எல்லாம் ஒரு நாளும் விழல்ல, இதுல விழுந்திருக்கு பாருங்க." சிரித்தார், உதடு வலித்ததும் நிறுத்தினார். "வெட்டிட்டு, கழுத்தையும் பாத்து, கொழும்புக்குக் கதிர் வைக்க அனுப்புவாங்களாம். எனக்கு ஒரே கவல, கோயில் பெருநாளைக்குப் பாட்டுப் படிக்கிறது நான்தான். அன்னம்மா தாயாருக்கு முன்னால வாய் கோணி நிக்க ஏலுமா?"

"வாய் கோணினாலும் சத்தம் கோணாது தம்பி" என்றேன். என் வாயில் இருந்து அப்படி ஒரு நல்ல வார்த்தை வந்தது எனக்கே அதிசயமாக இருந்தது. அவரைத்தான் முதலில் உள்ளே கூப்பிட்டார்கள்.

என்னை மயக்கவில்லை. நெற்றியைச் சுற்றி ஊசி போட்டார்கள். அந்த ஊசிதான் வலி, பிறகு இழுக்கிறதும் வெட்டுகிறதும் சத்தமாக மட்டும் கேட்டது. பக்கத்துத் தோலை இழுத்து மூடித் தைத்தார்கள். வீட்டுக்கு விடும்போது டொக்டர் கண்டிப்பாகச் சொன்னார், குனியக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது, சொல்லும்வரை நெற்றி தரையில் படக் கூடாது. "கதிரையில இருந்து தொழுங்கோ ஐயா." அப்போதுதான் ஒன்று உறைத்தது. இத்தனை வருடமும் நினைத்த நேரம் நெற்றியை வைக்கலாமாக இருந்தது, நான்தான் வைக்கவில்லை. இப்போது வைக்கத் தவிக்கிறேன், வைக்க ஏலாது.

பள்ளியில் கதிரையில் கட்டோடு இருந்த முதல் வெள்ளிக்கிழமையே கதை பரவிவிட்டது. ஹாஜியாருக்குத் தொழுது தொழுது நெற்றி புண்ணாகி, அது புற்றுநோயாக மாறிவிட்டதாம். முதலில் எனக்கு அதில் ஒரு சுகம் இருந்ததை மறைக்கவில்லை. அடையாளம் போனாலும் மரியாதை போகவில்லையே. ஆனால் அடுத்த கிழமை முன் வரிசையில் ஒரு இளந்தாரியைக் கவனித்தேன். சுஜூதில் நெற்றி பாயில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தான். கேட்டால், "பயமா இருக்கு ஹாஜியார், ஒங்களுக்கு வந்த மாதிரி வந்துட்டா?" என்கிறான். இன்னொருவர், தலையில் நாலு மாதமாக ஆறாத புண் உள்ளவர், அது சுஜூது படாத இடம், ஆகையால் பயமில்லை என்று எனக்கே விளக்கம் சொன்னார்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. முழுக்க என் மேலேதான். அன்றைக்கு ஜுமுஆ முடிந்ததும் மௌலவியிடம் கேட்டுவிட்டு எழும்பி நின்றேன்.

"எல்லாரும் கேளுங்க. எனக்கு வந்தது தொழுது வந்ததில்ல. நான் அந்த அளவுக்குத் தொழுத ஆளே இல்ல. சுபஹு நேரம் குறட்ட விட்ட ஆள் நான். சந்தேகம்னா எங்க வீட்டுல கேளுங்க." பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். "முப்பது வருசம் தலையில ஒரு துணியும் போடாம வெயில்ல நிண்டேன், அதால வந்திச்சு. நீங்க அடையாளம்னு சொன்னீங்க, நான் வாய மூடிக்கிட்டு மரியாதைய வாங்கிக்கிட்டேன். அது என்ட பிழை. சுஜூதால ஒருத்தருக்கும் இது வராது. நல்லா நெத்திய வைங்க. ஆனா ஆறாத புண், ரத்தம் கசியுற கறுப்பு, காலடியிலயும் நகத்துக்குக் கீழயும் புதுசா வாற கறுப்பு, இதெல்லாம் இருந்தா எண்ணெய் பூசிக்கிட்டு இருக்காதீங்க. போய்க் காட்டுங்க."

உட்கார்ந்தேன். வெளியே வந்து செருப்பைத் தேடும்போது, அன்று என் கையை முத்திய அந்த வயதான மனுசன் பக்கத்தில் வந்தார். ஏசப் போகிறார் என்று நினைத்தேன். சாரத்தைக் கொஞ்சம் தூக்கிக் கெண்டைக்காலைக் காட்டி, "இத ஒருக்காப் பாருங்க ஹாஜியார்" என்றார். அது வெறும் படை. தலையில் புண் இருந்தவரைத்தான் அடுத்த கிழமை கையோடு கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். அவருக்கு இரண்டாவது சாதி, வேளைக்குப் பிடித்துவிட்டார்கள். ஹாஜியார் என்ற பெயர் மட்டும் போகவில்லை. சொல்லிப் பார்த்து அலுத்துவிட்டேன்.

தலைப் புண்காரரைக் கூட்டிக்கொண்டு போய் வரிசையில் இருந்த அன்றைக்குத்தான் என் ஓரத்தின் ரிப்போர்ட்டும் வந்தது. டொக்டர் கதவைத் திறந்து, "ஐயா, சுத்திவரச் சுத்தம்" என்றார். "ஆறு மாதத்துக்கு ஒருக்கா வந்து முகத்தைக் காட்டுங்கோ. தொப்பியில்லாமத் தோட்டத்துக்குப் போனா நான் ஏசுவன். இனி நெத்தியை வைச்சுத் தொழலாம்." பஸ்ஸில் வரும்போது தலவிலக்காரருக்குப் போன் எடுத்தேன். கதிர் வைக்கத் தொடங்கிவிட்டார்களாம், கறி வாயில் பட்டால் எரிகிறதாம், பாட்டு மட்டும் வருகிறதாம். போனிலேயே இரண்டு வரி படித்துக் காட்டினார். உதடு கொஞ்சம் இழுக்கத்தான் செய்தது. சத்தம் கோணவில்லை.

மறுநாள் சுபஹை வீட்டில் தொழுதேன். லேஞ்சி விரிக்கவில்லை. நெற்றி பாயில் பட்டதும் தையல் இருந்த இடம் கொஞ்சம் மரத்திருந்தது. பாயின் குளிர் தெரிந்தது. எழும்ப மனம் வரவில்லை. நன்றி சொல்ல நினைத்து வைத்திருந்த ஒரு வார்த்தையும் ஞாபகத்துக்கு வராமல், குழந்தைப் பிள்ளை மாதிரி அழுதுகொண்டு அப்படியே கிடந்தேன்.

தொழுது முடித்து எழும்பினால் என் மனைவி கதவடியில் நிற்கிறாள். இந்த முறை நடிக்கவில்லை. நேரே வந்து முழங்காலில் இருந்து, என் நெற்றி பட்ட இடத்தை உள்ளங்கையால் தடவினாள். கையைத் திருப்பி லைட் வெளிச்சத்தில் பார்த்தாள். ஈரமாக இருந்தது.

"அது கண்ணீர்" என்றேன்.

"தெரியும்" என்றாள். "டொக்டர் துண்டெடுத்த பிறகு, லேஞ்சியையும் தாண்டி இந்தப் பாயில நான் எத்தினை நாள் ரத்தம் கழுவினேன் தெரியுமா? ஒங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு, நீங்க தோட்டத்துக்குப் போன பிறகு." பயந்தது நான் மட்டும் என்று இத்தனை மாதமும் நினைத்திருந்தேன். அவள் முக்காட்டைச் சரி செய்துகொண்டு, என்னைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, பாயை மாற்றாமல் நான் நெற்றி வைத்த அதே இடத்தில் தொழ நின்றாள்.